மேற்படியாருக்கு என்ன உறவு

இந்தப் பெஞ்சுல ஆள் வருதா தாயி? இல்லையா? அப்பச் செத்தத் தள்ளி உக்காரு. இந்தக் கலெக்டர் ஆபீஸ் வராந்தாவுல ஃபேன் சுத்துறது இந்த ஒரு பெஞ்சுக்கு மேலதான், அதுக்காக வந்தேன். வேற ஒண்ணுமில்ல. அந்தத் தூணுக்கிட்ட ரெண்டு மணி நேரமா நிக்கிறேன், முட்டி ரெண்டும் விட்டுப்போச்சு.

மடியில தூங்குறது உன் புள்ளையா? இல்லையா. இப்ப உள்ள போன பொண்ணு குடுத்துட்டுப் போச்சா. சரி சரி. நானும் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். நான் ஒண்ணும் கேக்கல. தலை தொங்குது பாரு, அதை மட்டும் கொஞ்சம் முட்டுக் குடுத்துப் பிடி.

நான் எதுக்கு வந்தேன்னு நீ கேக்கல. கேக்காட்டியும் சொல்றேன். டவாலி பேரைச் சொல்லிக் கூப்பிடுற வரைக்கும் வேற என்ன செய்ய? செவத்துல ஒட்டியிருக்கிற நோட்டீசை எல்லாம் நாலு தடவை படிச்சாச்சு. தகவல் அறியும் உரிமைன்னு ஒண்ணு ஒட்டியிருக்காக, அதுலயும் பாதியக் கிழிச்சுட்டாக.

எனக்கு ஊரு புளியனேந்தல். பேரு வைரவன். எங்க ஊர்ல இறங்கி வைரவன்னு கேட்டாப் போதும், வீட்டைக் காட்டுவாக. மாடி வீடு, முன்னாடி கிரில் கேட்டு. சொன்ன சொல் மாற மாட்டான் வைரவன், அதுதான் எனக்குப் பேரு. அந்தப் பேரை வச்சுக்கிட்டு ஒன்பது மாசமா நான் படுற பாடு இருக்கே, அதைத்தான் சொல்ல வர்றேன்.

எனக்கு ஒரு தம்பி. பூமிநாதன். துபாய்ல இருந்தான். துபாய்னா துபாய் இல்ல, அதுக்கு அங்கிட்டு வேற ஒரு நாடு. எங்க பக்கம் பிளேன் ஏறிப் போயிக் கம்பி கட்டுனா அம்புட்டும் துபாய்தான். பதினேழு வருஷம் கம்பி கட்டுனான். போன ஆவணியில ஒரு நாளு வேலைக்குப் போற பஸ்ல ஏறி உக்காந்தவன், இறங்குற இடத்துல எந்திரிக்கல. நெஞ்சடைப்பு. நாப்பத்தாறு வயசு தாயி. எனக்குப் பத்து வயசு எளையவன், எனக்கு முந்திப் போயிட்டான். அவனுக்கு எப்பவுமே அவசரம்.

எம்பசிக்காரகளைக் குறை சொல்லக் கூடாது. உடம்பைப் பொட்டியில வச்சு, பேரு, பாஸ்போர்ட்டு நம்பரு எல்லாம் ஒட்டி, மதுரை ஏர்போர்ட்டு வரைக்கும் கொண்டாந்து ஒப்படைச்சாக. பதினேழு வருஷத்துல அவன் ஆறு தடவை ஊருக்கு வந்தான். ஆறு தடவையும் அவன் பொட்டியை நான்தான் பிரிச்சேன். அண்ணன் பிரிக்கட்டும்னு சாவியைக் கையில குடுத்துருவான். ஏழாவது பொட்டிய மட்டும் பிரிக்க விடல. சீல் வச்சிருக்கு, அப்பிடியே கொண்டு போங்கன்னுட்டாக.

கலியாணமா? அவனுக்கா? பண்ணல. பண்ணாம என்ன, நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். நமக்கு ஒரு வேலையா? மொதல்ல வீடு கட்டணும்னு இருந்துச்சு, கட்டுனேன். அப்புறம் போர் போடணும்னு இருந்துச்சு, போட்டேன். தண்ணி வரல, இன்னொரு போர் போட்டேன். அவன் மாசாமாசம் அனுப்புவான், நான் மாசாமாசம் அலைவேன். இந்த அலைச்சல்ல அவனுக்குப் பொண்ணு பாக்க எனக்கு எங்க தாயி நேரம்? அவனும் கேக்கல. கேட்டிருந்தாப் பாத்திருப்பேன்.

பொணத்தைத் தூக்குற நேரம், ரோட்டுக்கு அந்தப் பக்கம் புளியமரத்துக்குக் கீழ ஒருத்தி வந்து நின்னா. யாருன்னு கேக்குறியா? முன்னாடி என் வீட்டுல இருந்தவ. பேரு முத்தரசி. சரி, என் பொண்ணுதான். ஒரே பொண்ணு. நாலு வருஷத்துக்கு முந்தி, பால் வண்டி ஓட்டுற பய ஒருத்தன், பிரிட்டோன்னு பேரு, அவனைக் கட்டிக்கிட்டுப் போயிட்டா. சர்ச்சுல வச்சுத் தாலி கட்டுனாகளாம். பத்திரிகை வந்துச்சு. நான் பிரிக்காமத் திருப்பி அனுப்புனேன்.

அன்னைக்கே நான் ஊருணியில இறங்கித் தலைமுழுகிட்டேன். சும்மா வாய் வார்த்தைக்குச் சொல்லல தாயி, நெசமாவே மூணு முழுக்கு. மார்கழிக் குளிரு, எட்டு நாளு சளி. அதோட விட்டேனா? ரேஷன் கார்டுல அவ பேரை நீக்குறதுக்கு நானே தாலுகா ஆபீசுக்கு நடையா நடந்தேன். காரணம்னு ஒரு கட்டம் இருந்துச்சு. திருமணம்னு எழுதச் சொன்னாக. மாட்டேன், இறப்புன்னு போடுங்கன்னேன். அதுக்கு டெத் சர்ட்டிபிகேட்டு வேணும் பெரியவரேன்னாக. கவர்மெண்டுல எல்லாத்துக்கும் ஒரு காயிதம் கேப்பாக. சரி, திருமணம்னே போட்டுத் தொலைங்கன்னு வந்தேன். அப்புறம் வீட்டுக்கு வந்து, அவ பொறப்பு சர்ட்டிபிகேட்டு, பத்தாவது மார்க்கு சீட்டு, காதுகுத்துப் போட்டோ, எல்லாத்தையும் வெந்நி அடுப்புல போட்டு, அந்த வெந்நியிலயே குளிச்சேன். ஒரு காரியத்துல இறங்குனா நான் அரைகொறையாச் செய்ய மாட்டேன்.

அவ வந்து புளியமரத்தடியில நின்னாள்னு சொன்னேன்ல. தோள்ல துண்டுல சுத்தி ஒரு மூட்டை. கோடித்துணி கொண்டாந்திருப்பா போலன்னு நினைச்சேன். எங்கயோ பூனைக்குட்டி கத்துனாப்புல ஒரு சத்தம். நான் திரும்பல. பங்காளிப் பய ஒருத்தனைக் கூப்பிட்டு, போயிச் சொல்லு, ரோட்டைத் தாண்டி இங்கிட்டு ஒரு அடி வச்சான்னா நான் கொள்ளி வைக்க மாட்டேன்னு சொல்லுன்னேன். அவ தாண்டல. பிரேதம் போற வரைக்கும் நின்னுட்டுப் போயிட்டாளாம். என் வீட்டுக்காரி பஞ்சவர்ணம் மட்டும் வாசல்ல நின்னுக்கிட்டு ரோட்டையே பாத்து அழுதா. மச்சினனுக்காக இம்புட்டு அழுகுறாளேன்னு எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு.

புள்ள முழிச்சிருச்சா? இல்ல, கனவு காணுது. சிரிக்குது பாரு. சரி நீ கேளு.

கார்த்திகையில எம்பசிக்காரகிட்ட இருந்து காயிதம் வந்துச்சு. கடலைத் தாண்டி இந்த ஆபீசுக்கு வர எட்டு நாளு ஆச்சாம், தேதி போட்டிருந்துச்சு. இந்த ஆபீஸ் மாடியில இருந்து கீழ இறங்கி எங்க ஊருக்கு வர ரெண்டு மாசம். பாவம், படிக்கட்டு வேற இருக்கே. எங்க ஊரு வி.ஏ.ஓ. சின்னப் பொண்ணு, வேலைக்கு வந்து ஆறு மாசம். அதுதான் இங்கிலீசுல இருந்ததைத் தமிழ்ல படிச்சுச் சொல்லுச்சு. செத்துப்போன பூமிநாதனோட சாமான் எல்லாம் எம்பசியில வாங்கிப் பட்டியல் போட்டு வச்சிருக்காக, கம்பெனியில இருந்து வர வேண்டியதும் வந்திருக்கு, வாரிசு யாருன்னு விசாரிச்சு எழுதுனா அவுக கையில ஒப்படைப்பாகன்னு.

பட்டியலைக் கேளு. சட்டை ஆறு. கைலி மூணு. போர்வை ஒண்ணு. கடிகாரம் ஒண்ணு. செல்போன் ஒண்ணு. தைலப் பாட்டில் ரெண்டு, அதுல ஒண்ணு பாதி. பாத்தியா, பாதின்னுகூட எழுதியிருக்காக! எனக்கு அவுக மேல மரியாதையே வந்துருச்சு. கூடப்பொறந்தவன் நான், அவன்கிட்ட என்ன இருக்கு, என்ன இல்லைன்னு பதினேழு வருஷத்துல ஒரு நாளும் எண்ணிப் பாத்ததில்ல. யாரோ ஒரு ஆபீசரு உக்காந்து அவன் கைலியை எண்ணியிருக்காரு.

கடைசியா ஒரு வரி. வெள்ளிக் கொலுசு, குழந்தைக்கு உரியது, ஒரு ஜோடி.

வி.ஏ.ஓ. பொண்ணு நிறுத்திட்டு என்னைப் பாத்துச்சு. நான் அதைப் பாத்தேன். கலியாணம் ஆகாத ஆளுகிட்ட கொலுசு எப்பிடி வரும்? மேல படிம்மான்னேன். மேல படிச்சுச்சு. ‘மேற்படியார் கம்பெனிப் படிவத்தில் வாரிசாகக் காட்டியிருப்பது: ஜெனோவா பிரிட்டோ. மேற்படியாருக்கு என்ன உறவு: மகள்.’ அதுக்குக் கீழ விலாசம்னு என் வீட்டு விலாசத்தைப் போட்டிருக்கான். என் வீடு! நான் கட்டுன மாடி வீடு!

பிரிட்டோன்னதும் உனக்குப் புரிஞ்சிருச்சா? உனக்குப் புரிஞ்சிருச்சு. எனக்குப் புரியல தாயி. எங்க பக்கம் தடுக்கி விழுந்தா ஒரு பிரிட்டோ மேலதான் விழணும். அந்தப் பால்வண்டிப் பய பேரை நான் மனசுலயும் நினைக்கிறதில்லைன்னு வச்சிருந்தேன். முத்தரசிக்கு ஞானஸ்நானம் குடுத்து ஜெனோவான்னு வேற பேரு வச்சது எனக்கு எப்பிடித் தெரியும்? பத்திரிகையைப் பிரிச்சிருந்தாத் தெரிஞ்சிருக்கும்.

ஊரு என்ன சும்மா இருக்குமா? சாயங்காலத்துக்குள்ள கதை கட்டி முடிச்சுட்டாக. அங்க கேரளாக்கார நர்ஸ் ஒருத்தி இருந்தாளாம். அவளைக் கட்டிக்கிட்டானாம். அதான் ஊர்ல கலியாணம் வேணாம் வேணாம்னானாம். நர்ஸுக்கு ஊரு கோட்டயம்னு டீக்கடையில ஒருத்தன் சொல்றான், இன்னொருத்தன் இல்ல, திருச்சூருன்னு அடிக்க வர்றான். அந்த நர்ஸுக்குப் பொறந்ததுதான் ஜெனோவா, அவளுக்குத்தான் கொலுசு. எனக்கும் அதுதான் நியாயமாப் பட்டுச்சு. வேற எப்பிடிப் படும்?

வீட்டுக்கு வந்து குதிச்சேன். பாத்தியாடி உன் மச்சினன் யோக்கியதையை, மலையாளத்தாளுக்குப் புள்ளையப் பெத்துட்டு என் விலாசத்தைக் குடுத்திருக்கான்னேன். பஞ்சவர்ணம் முருங்கைக்கீரை உருவிக்கிட்டு இருந்தா. தலை நிமிரல. அப்பிடியான்னா. அம்புட்டுதான். ஒரு கட்டுக் கீரையும் உருவி முடிச்சு, காம்பை எல்லாம் கூட்டி அள்ளிப் போட்டுட்டு உள்ள போயிட்டா. நாலு வருஷமா அவ என்கிட்டப் பேசுறது அம்புட்டுதான், அதனால எனக்கு ஒண்ணும் வித்தியாசமாத் தெரியல.

நான் விடுவனா? மனு எழுதுனேன். ‘மேற்படி ஜெனோவா என்பவர் எங்கள் குடும்பத்துக்கு எவ்விதச் சம்பந்தமும் இல்லாத மோசடிப் பேர்வழி ஆவார். என் தம்பிக்கு நான் ஒருவனே வாரிசு.’ அஞ்சு பேருகிட்டச் சாட்சிக் கையெழுத்து. என் ரேஷன் கார்டு நகல், அதுல ரெண்டு பேரு மட்டும், நானும் பஞ்சவர்ணமும். மோசடிப் பேர்வழிங்கிற வார்த்தையை மனு எழுதுற ஆளு வேணாம் பெரியவரேன்னாரு. நான்தான் போடுங்கன்னு போட வச்சேன்.

அப்புறம் பங்குனியில என்னைத் தாசில்தாரு கூப்பிட்டு விட்டாரு. கம்பெனிக்காரன் அந்தப் பொண்ணோட ஆதார் நகலை எம்பசிக்கு அனுப்பி, அது இங்க வந்திருக்கு, இந்த முகத்தைத் தெரியுதான்னு பாருங்கன்னு நீட்டுனாரு. ஆதார் போட்டோவுல சொந்தப் பொண்டாட்டியவே அடையாளம் தெரியாதுன்னு சொல்வாக. எனக்குத் தெரிஞ்சிருச்சு. என் மூக்கு தாயி. இந்தா, இந்தச் சப்பை மூக்கு. அது எப்பிடி மறையும்?

தெரியுதான்னாரு. நான் தண்ணி கேட்டேன்.

வீட்டுக்கு வந்து பஞ்சவர்ணத்தைக் கேட்டேன். அந்தப் பேரு உனக்குத் தெரியுமாடி? தெரியும்னா. ஏன்டி சொல்லல? நீங்க கேக்கலையேன்னா. என் தம்பி ஏன்டி அவளைப் போய் மகள்னு எழுதுனான்? அப்பத்தான் தாயி அவ கையில இருந்த செம்பைக் கீழ வச்சா. வச்சுட்டு என்னை நேராப் பாத்துச் சொன்னா. “நீங்கதான குடுத்தீக.”

நான் குடுத்தேனாம்!

நெனச்சுப் பாத்தேன். குடுத்துத்தான் இருக்கேன். அவ போன அன்னைக்குத் துபாய்ல இருந்து போன் பண்ணினான் பூமி. அவனுக்கு என்னை எதுத்துப் பேசிப் பழக்கம் இல்ல, அன்னைக்குப் பேசுனான். “அண்ணே, புள்ளைய ஒதுக்காதண்ணே. பால் வண்டி ஓட்டுனா என்ன, நான் கம்பி கட்டலையா?” நான் கத்துனேன். அவன் அழுதான். “உனக்கு வேண்டாம்னா எனக்குக் குடுத்துருண்ணே, நான் வச்சுக்கிறேன்”னான். நான் சொன்னேன், “எடுத்துக்கடா. எடுத்துத் தொலை. இனி அவ உன் பொண்ணு, எனக்கும் அவளுக்கும் ஒண்ணும் இல்ல”. போனை வச்சுட்டேன். அதுக்கப்புறம் அவன் ஊருக்கு வரல. நானும் அவன்கூடப் பேசல. பணம் மட்டும் பஞ்சவர்ணம் பேருக்கு வந்துச்சு. அது வேற கணக்கு, அதை வேண்டாம்னு எப்பிடிச் சொல்றது?

கோவத்துல ஆயிரம் சொல்லுவோம் தாயி. நான் வாயால குடுத்தேன். அவன் போயி படிவத்துல எழுதி வச்சுட்டான்.

அவன் எழுதுனதும் பொய் இல்ல. அண்ணன் பொண்ணு நம்மள்ல மகள்தான், வேற என்னன்னு சொல்லுவாக? அவ சின்னப்புள்ளையில அவன் நெஞ்சு மேலதான் தூங்குவா. இது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அந்தப் படிவம் அச்சடிச்சவனுக்குத் தெரியுமா? அவன் மகள்னா மகள்னு எடுத்துக்கிட்டான். அண்ணனுக்குத் தம்பி வாரிசு, தம்பிக்கு அண்ணன் வாரிசுங்கிறதெல்லாம் புள்ளை குட்டி இல்லாட்டித்தானாம். மகள் ஒருத்தி இருக்கையில நான் யாருமே இல்லையாம்.

சரி, மறுபடி ஒரு மனு எழுதுனேன். ‘மேற்படி ஜெனோவா என்கிற முத்தரசி என் சொந்த மகள் ஆவார். என் தம்பியின் மகள் அல்ல.’ இந்த ஆபீசுக்குக் கொண்டாந்தேன். உள்ள ஒரு சூப்பிரண்டு அம்மா இருக்காக, கண்ணாடி போட்டுக்கிட்டு. அவுக ரெண்டு மனுவையும் பக்கத்துல பக்கத்துல வச்சுச் சத்தமாப் படிச்சாக. சுத்தி உக்காந்திருந்த எட்டுப் பேரும் எழுதுறதை நிறுத்திட்டுக் கேட்டாக. அன்னைக்கு மட்டும் இந்த ஆபீஸ்ல எல்லாரும் சீட்டுல இருந்தாக.

“பெரியவரே, முதல் மனுவுல சம்பந்தமே இல்லாத மோசடிப் பேர்வழிங்கிறீங்க. ரெண்டாவதுல சொந்த மகள்ங்கிறீங்க. இதுல எது உண்மை?”

“ரெண்டும் உண்மைதாம்மா”ன்னேன்.

அவுக சிரிக்கல. “சொந்த மகள்னா ஆதாரம் குடுங்க. ரேஷன் கார்டு?” நான்தான் நீக்குனேன். “பொறப்புச் சான்று?” வெந்நி அடுப்பு. “பள்ளிக்கூடத்துச் சான்று?” அதுவும் அதே அடுப்புதான். “குடும்பமா எடுத்த போட்டோ?” காதுகுத்துப் போட்டோவும் அதே வெந்நிதான். “ஆதார்ல கணவர் பேருதான் இருக்கு. நீங்கதான் அப்பான்னு காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லையா உங்ககிட்ட?” என் மூக்கைக் காட்டலாம்னு பாத்தேன். மரியாதையா இருக்காதுன்னு விட்டுட்டேன்.

கடைசியில அவுக சொன்னாக. “அப்ப அந்தப் பொண்ணே வந்து சொல்லட்டும். நான் வைரவன் மகள், பூமிநாதன் மகள் இல்லைன்னு எழுதிக் குடுத்தா, சாமான் எல்லாம் உங்களுக்கு. பூமிநாதன்தான் எனக்கு அப்பான்னு சொன்னா அதையே எம்பசிக்கு எழுதிருவோம், நீங்க கோர்ட்டுக்குப் போங்க.”

அதுக்குத்தான் இன்னைக்குத் தேதி. பொட்டியும் வந்துருச்சு, உள்ள பீரோவுக்குப் பக்கத்துல சீல் வச்சுக் கிடக்கு. கதவு திறக்குறப்ப எட்டிப் பாரு, நீலக் கலரு, தெரியும்.

காலையில நான் தூணுக்கிட்ட நிக்கிறேன், அவ புள்ளையோட படியேறி வர்றா. ஆமா, அந்தப் பொண்ணுதான். உன்கிட்டக் குடுத்துட்டுப் போச்சே, அதுதான். உனக்கு இந்நேரம் தெரிஞ்சிருக்கும், என் மூக்கைப் பாத்ததுமே தெரிஞ்சிருக்கும். என் பக்கத்துல வந்ததும் நின்னா. “சுகர் மாத்திரை போட்டாச்சான்னு அம்மா கேக்கச் சொல்லுச்சு.” யார்கிட்டயோ சொல்ற மாதிரி சொல்றா. நான் தூணைப் பாத்து, போட்டாச்சுன்னேன். அவ்வளவுதான் பேச்சு. நாலு வருஷத்துக்கு அப்புறம் ஒரு மாத்திரை.

அவ என்ன சொல்லப் போறாள்னு நினைக்கிற? நான் சொல்றேன். இல்லைன்னுதான் சொல்லுவா. ஏன் சொல்ல மாட்டா? நானா இருந்தா அப்பிடித்தான் சொல்லுவேன். பூமிநாதன்தான் எனக்கு அப்பா, இந்த ஆளு யாருன்னே தெரியாதுன்னு ஒரு வார்த்தை. பொட்டி அவளுக்கு, பதினேழு வருஷத்து உழைப்பும் அவளுக்கு. பால் வண்டி ஓட்டுறவன் பொண்டாட்டி, வேண்டாம்னா சொல்லுவா? அதுல பொய்யும் இல்ல, நான்தான் எடுத்துக்கடான்னு குடுத்தேனே. என்னை ஒரு தடவைகூட அவ ஏமாத்துனதில்ல தாயி, இன்னைக்கும் நெசத்தைத்தான் சொல்லுவா.

பொட்டி போனாப் போகட்டும். நான் அதுக்காக அலையுறேன்னு நினைக்காத. முதல்ல அதுக்குத்தான் அலைஞ்சேன், மறைக்கல. ஆனா காலையில இருந்து அந்தத் தூணுக்கிட்ட நிக்கிறப்ப வேற ஒரு நெனப்புதான் ஓடுது. அவ இல்லைன்னு சொல்லிட்டா அந்தச் சூப்பிரண்டு அம்மா அதை எழுதி, சீல் வச்சு, கடலுக்கு அந்தப் பக்கம் அனுப்பிருவாக. நான் ஊருணியில முழுகுனது எனக்கும் ஊருணிக்கும் தெரியும். இது கவர்மெண்டு ரெக்கார்டு. நான் அவ அப்பன் இல்லைன்னு அசோகச் சக்கரம் போட்டு வந்துரும் தாயி. அதை எந்த அடுப்புல போட்டு எரிக்க?

என்ன, முழிச்சிருச்சா? அவ போறப்ப என்னமோ பேரு சொல்லிக் கூப்பிட்டாளே, என்ன சொன்னா? நல்லாக் கேட்டியா? பூமியா? பொட்டப்புள்ளைக்குப் பூமியா?

ம்.

ஆடியில பொறந்ததுன்னும் உன்கிட்டச் சொன்னாளா? அப்ப இது பொறந்து ஒரு மாசத்துலதான அவன் செத்தான். அப்ப, கொலுசு வாங்கினது... நான் கோட்டயத்துக்கும் திருச்சூருக்கும் நடுவுல நின்னுக்கிட்டு இருந்தேன் தாயி. ஆறு தடவை எனக்குப் பொட்டி கொண்டாந்தவன், ஏழாவது தடவை கொலுசோட வர இருந்திருக்கான். என் விலாசத்தை ஏன் போட்டான்னு அப்பப் புரியல. அவ ஒரு நாளைக்கு அந்த வீட்டுக்குத் திரும்பி வந்துருவாள்னு போட்டிருக்கான். அவன் கம்பி கட்டிக் கட்டுன வீடுதான், அவன் யாரு விலாசத்தையும் போடலாம். நான் என்னமோ நான் கட்டுனதாவே சொல்லிக்கிட்டுத் திரியிறேன்.

இரு. டவாலி வர்றாரு. என்ன சொல்றாரு?

“புளியனேந்தல் வைரவன் யாரு? நீங்களா? உள்ள வாங்க, உங்க மகள் எழுதிக் குடுத்துட்டாங்க. நீங்க கையெழுத்துப் போட்டுப் பொட்டியை எடுத்துக்கங்க.”

என்ன சொன்னாரு தாயி? நீ ஒரு தடவை சொல்லு. உங்க மகள்னுதான சொன்னாரு?

கூறுகெட்ட கழுத. கேட்டியா இவ பண்ணுனதை? ஒரு வார்த்தை தாயி, இல்லைன்னு ஒரே ஒரு வார்த்தை. அம்புட்டும் அவளுக்கு வந்திருக்கும். அதை விட்டுட்டு இந்த மோசடிப் பேர்வழி என்னைப் போய் அப்பன்னு எழுதிக் குடுத்திருக்கா. பொழைக்கத் தெரியாதவ. அப்பிடியே சித்தப்பனைக் கொண்டு பொறந்திருக்கா. இல்ல இல்ல, எனக்குக் கண்ணுல ஒண்ணும் இல்ல. ஃபேன் காத்துல தூசி.

வர்றேன் சார், வர்றேன், கத்தாதீக. ஒன்பது மாசம் என்னைக் காக்க வச்சீகளே, ஒரு நிமிஷம் நீங்க காத்திருங்க.

அந்தப் புள்ளைய இங்க குடு தாயி. குடு, எனக்குத் தூக்கத் தெரியும், இவ ஆத்தாளைத் தூக்கிப் பழகுன கைதான் இது. உள்ள போனா, இது யாரு, மேற்படியாருக்கு என்ன உறவுன்னு அந்த அம்மா கேப்பாக. கேக்கட்டும். அதுக்கும் ஒரு கட்டம் வச்சிருப்பாக, பேத்தின்னு நானே என் கையால எழுதுறேன். அந்த நீலப் பொட்டியையும் நான்தான் பிரிப்பேன், துபாய்ப் பொட்டி எப்பவும் நான் பிரிக்கிறதுதான். கொலுசு மேலாப்புலதான் இருக்கும், இங்கயே மாட்டிரலாம். மத்தது பூராவும் அவ வீட்டுக்குப் போகட்டும். குடுத்ததைத் திருப்பிக் கேக்குறவன் இல்ல வைரவன்.

அழுகுதா? அழுகட்டும் தாயி, விடு, என்னை இதுக்குத் தெரியாதுல்ல. இந்தச் சத்தம் எனக்குத் தெரியும். அன்னைக்குப் புளியமரத்தடியில இதே சத்தந்தான் கேட்டுச்சு. பூனைக்குட்டின்னு நினைச்சுக்கிட்டு நான்தான் திரும்பிப் பாக்கல.